பொனேர் தீவில் முதன்முறை முக்குளிக்கச் செல்பவர்களுக்கு: விசா முதல் திரும்பும் விமானம் வரை

கரீபியக் கடலின் தென்பகுதியில், வெனிசுவேலாவின் கரையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் பொனேர் தீவில், படகும் வழிகாட்டியும் இல்லாமல், முதுகில் காற்று டேங்க்கோடு (ஸ்கூபா) கரையிலிருந்தே நடந்து கடலுக்குள் இறங்கிப் பவளப்பாறைகளைப் பார்க்கலாம். மேற்குக் கரை நெடுகிலும் சாலையோரத்தில் மஞ்சள் வண்ணம் பூசிய கற்கள் இருக்கும். ஒவ்வொரு கல்லும் ஒரு முக்குளிப்பு இடத்தின் பெயரைச் சொல்லும். கடை திறக்கும் நேரத்துக்காகவோ படகு புறப்படும் நேரத்துக்காகவோ காத்திருக்க வேண்டியதில்லை. இந்தச் சுதந்திரத்துக்காகவே நானும் என் தங்கையும் அங்கே சென்றோம். ஆனால், அந்தமானில் படகிலிருந்து குதித்து, முன்னால் செல்லும் டைவ் மாஸ்டரின் (வழிகாட்டியின்) ஃபின்களை, அதாவது காலில் மாட்டும் துடுப்புகளை, பார்த்துக்கொண்டே முக்குளித்துப் பழகியிருந்த எங்களுக்கு, விசாவிலிருந்து கடலுக்குள் திசை பார்ப்பது வரை எல்லாவற்றையும் நாங்களே முடிவு செய்ய வேண்டியிருக்கும் என்பது அங்கே போய்ச் சேரும் வரை உறைக்கவில்லை. நாங்கள் பட்ட சிரமத்தில் பெரும்பகுதி, புறப்படுவதற்கு முன்பே தவிர்த்திருக்கக்கூடியது. அதனால் எதை எப்போது செய்ய வேண்டும் என்பதை அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. விசா: ஷெங்கன் வேறு, கரீபிய விசா வேறு

பொனேர் நெதர்லாந்தின் சிறப்பு நகராட்சிகளுள் ஒன்று. ஆனால் அது ஷெங்கன் பகுதிக்குள் வராது. நான் தடுமாறிய முதல் இடம் இதுதான். என்னிடம் ஒருமுறை நுழைவுக்கான ஷெங்கன் விசா இருந்தது. பயண முகவர் ஒருவர் அதுவே போதும் என்று சொன்னதை நம்பி விமானச்சீட்டும் எடுத்துவிட்டேன். பயணத்துக்கு ஐந்து வாரங்களுக்கு முன்புதான், நெதர்லாந்து அரசு கரீபியப் பகுதிகளுக்கென்று தனி விசா வழங்குகிறது என்பதும், அதற்குத் தனி விண்ணப்பப் படிவம் உண்டு என்பதும் தெரியவந்தன. பயணத் தேதியை மாற்றியதில் அபராதமாகக் கட்டிய பணம், தீவில் ஒரு வாரத்துக்கு வண்டி எடுத்திருக்கக்கூடிய தொகை.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவரிடம், பலமுறை நுழைவுக்கான அமெரிக்க, கனேடிய அல்லது ஷெங்கன் விசா செல்லுபடியாகும் நிலையில் இருந்தால் அவருக்குக் கரீபிய விசாவிலிருந்து விலக்கு உண்டு. 'பலமுறை நுழைவு' என்பதே இங்கே முக்கியமான சொல். உங்கள் விசாத் தாளில் அது எப்படி அச்சிடப்பட்டிருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். விலக்கு உங்களுக்குப் பொருந்துகிறது என்று தோன்றினாலும், சீட்டு வாங்குவதற்கு முன் நெதர்லாந்துத் தூதரகத்திடம் மின்னஞ்சலில் கேட்டு, அந்தப் பதிலை அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். விமான நிறுவனத்தின் முகப்பில் இருப்பவருக்கு இந்த விதி தெரியாமல் போக வாய்ப்பு அதிகம். அந்த நேரத்தில் கையில் இருக்கும் தாள்தான் பேசும்.

விலக்கு இல்லாதவர்கள் பயணத்துக்கு இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே விண்ணப்பித்துவிடுவது நல்லது. கடவுச்சீட்டு, புகைப்படம், போய்வரும் விமான முன்பதிவு, தங்குமிட முன்பதிவு, வங்கிக் கணக்கு அறிக்கை, வேலை செய்யும் இடத்திலிருந்து விடுப்புக் கடிதம், மருத்துவக் காப்பீடு ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். இதே விசாவில் அரூபா, குராசாவோ போன்ற பக்கத்துத் தீவுகளுக்கும் செல்லலாம் என்பதால், அவற்றின் வழியாக விமானம் மாறுவதில் சிக்கல் வராது.

எந்த வழியில் பறக்கிறீர்கள் என்பதையும் விசாவோடு சேர்த்தே யோசிக்க வேண்டும். அமெரிக்கா வழியாகச் சென்றால், விமான நிலையத்தை விட்டு வெளியே வராவிட்டாலும் அமெரிக்க விசா தேவை. ஆம்ஸ்டர்டாம் வழியாகச் செல்லும் இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு, வேறு தகுதியான விசா இல்லையென்றால், விமான நிலைய இடைமாற்று விசா தனியாக வேண்டும். ஆம்ஸ்டர்டாமில் ஓர் இரவு வெளியே தங்கி மறுநாள் பறக்கத் திட்டமிடுபவர்கள், யாராக இருந்தாலும், ஷெங்கன் விசாத் தேவையைத் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

2. சான்றிதழ், மருத்துவப் படிவம், காப்பீடு

'ஓப்பன் வாட்டர்' என்ற அடிப்படை முக்குளிப்புச் சான்றிதழ் இருந்தால் போதும். அது 18 மீட்டர் ஆழம் வரைக்குமானது. அடுத்த நிலையான 'அட்வான்ஸ்டு' 30 மீட்டர் வரை. பொழுதுபோக்கு முக்குளிப்பின் உச்ச எல்லை 40 மீட்டர். பொனேரில் பவளமும் மீனும் செறிந்திருப்பது பெரும்பாலும் 6 முதல் 18 மீட்டருக்குள்தான் என்பதால், ஆழத்துக்காக மட்டும் அவசரப்பட்டு அடுத்த சான்றிதழை வாங்க வேண்டாம். சான்றிதழே இல்லாதவர்கள் புதுச்சேரியிலோ அந்தமானின் ஹேவ்லாக்கிலோ பயிற்சியை முடித்துவிட்டுச் செல்வது என் பரிந்துரை. பொனேரிலும் கற்கலாம், ஆனால் இவ்வளவு தூரம் சென்றபின், விடுமுறையின் முதல் சில நாள்கள் பாடத்திலும் பயிற்சியிலும் போய்விடும்.

சான்றிதழ் வாங்கி ஓராண்டுக்கு மேல் கடலில் இறங்காதவர்கள், புறப்படுவதற்கு முன் ஒரு மீள்பயிற்சி எடுத்துக்கொள்ளுங்கள். மாஸ்க்கில் புகுந்த தண்ணீரை வெளியேற்றுவது, வாயிலிருந்து தவறிய ரெகுலேட்டரை (டேங்க்கிலிருந்து மூச்சுக்காற்றைத் தரும் கருவியை) மீட்டெடுப்பது, திசைகாட்டியைப் படிப்பது ஆகிய மூன்றும் கைவந்திருக்க வேண்டும். இங்கே அவற்றை உங்களுக்காகச் செய்ய எவரும் உடன் வரமாட்டார்கள்.

மருத்துவப் படிவம் பலர் சிக்கிக்கொள்ளும் இடம். ஒவ்வொரு டைவ் கடையும் ஒரு கேள்விப்பட்டியலைத் தரும். ஆஸ்துமா, இதய நோய், காது அறுவை சிகிச்சை போன்றவற்றுக்கு 'ஆம்' என்று எழுதினால் மருத்துவரின் கையொப்பம் கேட்பார்கள். அந்தக் கையொப்பத்துக்காகத் தீவில் மருத்துவரைத் தேடினால் ஒரு நாளும் பணமும் போகும். அதே படிவத்தை இணையத்திலிருந்து முன்பே எடுத்து, ஊரில் உங்களை அறிந்த மருத்துவரிடமே கையொப்பம் வாங்கிச் செல்லுங்கள். உண்மையை மறைத்து 'இல்லை' என்று எழுத வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். நீருக்கடியில் ஆஸ்துமா வந்தால் மேலே வருவதைத் தவிர வேறு வழி இல்லை. அவசரமாக மேலே வருவதே நுரையீரலுக்கு ஆபத்து.

சாதாரணப் பயணக் காப்பீடுகள் பலவற்றில் ஸ்கூபா முற்றிலும் விலக்கப்பட்டிருக்கும், அல்லது குறிப்பிட்ட ஆழத்துக்கு மேல் செல்லாது. 'டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்' போன்ற, முக்குளிப்பவர்களுக்கென்றே உள்ள காப்பீட்டை எடுங்கள். தீவின் தலைநகரான கிராலெண்டைக்கில் உள்ள மருத்துவமனையில் உயரழுத்தச் சிகிச்சை அறை (வேகமாக மேலே வந்து உடலில் நைட்ரஜன் குமிழிகள் உண்டானவர்களுக்குச் சிகிச்சை தரும் அறை) இருக்கிறது என்பது பெரிய ஆறுதல். ஆனால் அந்தச் சிகிச்சையின் செலவைக் கையிலிருந்து கட்டும் நிலை எவருக்கும் வரக் கூடாது.

3. எந்த மாதம்

பொனேர் சூறாவளிகள் வழக்கமாகக் கடந்து செல்லும் பாதைக்குத் தெற்கே இருப்பதால் ஆண்டு முழுவதும் செல்லலாம். நீரின் வெப்பநிலை 26 முதல் 29 பாகை செல்சியஸ் வரை இருக்கும். காற்று கிழக்கிலிருந்து வீசுவதால் மேற்குக் கரை அமைதியாக இருக்கும். அந்தக் காற்று அரிதாகத் திசை மாறினால் மேற்குக் கரையிலேயே அலை எழும்பும், அந்த நாள்களில் கரையிலிருந்து இறங்க முடியாது. அதனால் ஒரு வாரப் பயணத்தில் ஒரு நாளையாவது உபரியாக வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை கூட்டமும் விலையும் அதிகம். பவளங்கள் இனப்பெருக்கம் செய்யும் இரவுகளைக் காண விரும்புபவர்கள், செப்டம்பர், அக்டோபர் மாதங்களின் முழுநிலவுக்குப் பின்வரும் வாரத்தைக் குறித்து வையுங்கள்.

4. தீவுக்குள் நுழையும் முன் செலுத்த வேண்டிய இரண்டு கட்டணங்கள்

இவை இரண்டும் வேறு வேறு. ஒன்றைக் கட்டிவிட்டு மற்றதையும் கட்டியதாக நினைத்துக்கொள்பவர்கள் ஏராளம்.

முதலாவது, சுற்றுலாப் பயணிகளுக்கான நுழைவு வரி. 2022 ஜூலையிலிருந்து வெளிநாட்டுப் பயணி ஒருவருக்கு 75 அமெரிக்க டாலர், சிறுவர்களுக்குக் குறைவு. இதை இணையத்தில் முன்பே கட்டி, வரும் கியூஆர் குறியீட்டைக் கைப்பேசியிலும் தாளிலும் வைத்திருங்கள். கட்டாமல் வந்தால் விமான நிலையத்தில் இன்னொரு வரிசையில் நிற்க வேண்டும்.

இரண்டாவது, இயற்கைப் பாதுகாப்புக் கட்டணம். தீவைச் சுற்றிலும் கரையிலிருந்து 60 மீட்டர் ஆழம் வரை உள்ள கடல் முழுவதும் 1979-இல் அமைக்கப்பட்ட தேசியக் கடல் பூங்கா. அதைப் பராமரிக்கும் 'ஸ்டினாபா' என்ற அமைப்புக்கு ஒருவர் 40 டாலர் செலுத்த வேண்டும். இது நாட்காட்டி ஆண்டுக்கு உரியது என்பதால், டிசம்பர் இறுதியில் சென்று ஜனவரியில் திரும்புபவர்கள் கவனியுங்கள். கட்டணச் சீட்டு இல்லாமல் எந்தக் கடையும் டேங்க் தராது.

பொனேரின் நாணயம் அமெரிக்க டாலர். என் கணக்கில், ஆறு நாள்களுக்கு எண்ணிக்கை வரம்பில்லாத டேங்க் ஒருவருக்கு ஏறத்தாழ 200 டாலரும், பிக்கப் வண்டி நாளுக்கு 70 டாலர் அளவிலும் ஆனது. பருவத்தைப் பொறுத்து இது மாறும். உணவு விலை கூடுதல், பெரும்பகுதி கப்பலில் வருவது. ஆனால் குழாய்த் தண்ணீரைத் தயங்காமல் குடிக்கலாம். கடல்நீரைச் சுத்திகரித்து வழங்குகிறார்கள். சமையலறை உள்ள தங்குமிடமாகப் பார்த்து எடுங்கள். சைவம் உண்பவர்களுக்கு அது தேவையே.

5. எதைக் கொண்டுசெல்வது

முழங்கால் அளவு நீரில், கூரான சுண்ணாம்புப் பாறையிலும் உடைந்த பவளத் துண்டுகளிலும் நடந்துதான் கடலுக்குள் செல்ல வேண்டும். படகிலிருந்து குதித்துப் பழகியவர்கள் பெரும்பாலும், வெறுங்காலில் போடும் வகை ஃபின்களைத்தான் வைத்திருப்பார்கள். நானும் அவற்றையே சுமந்து சென்றேன்; முதல் நாளே பயன்படாது என்று தெரிந்து, வாடகைக்கு வேறு எடுத்தேன். கெட்டியான அடியுள்ள நீர்க்காலணியும், அதன்மேல் பட்டையால் இறுக்கும் ஃபின்களும் வேண்டும்.

கையுறைகளுக்கு இந்தப் பூங்காவில் தடை உண்டு. கையுறை இருந்தால் எதையாவது பிடிக்கத் தோன்றும் என்பதே காரணம். ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்சேட் கலந்த வெயில்காப்புக் களிம்புகளும் தடைசெய்யப்பட்டவை. முழுக்கைச் சட்டை அணிந்தால் களிம்பே தேவைப்படாது. ஆழத்தையும் நேரத்தையும் காட்டும் டைவ் கம்ப்யூட்டர் ஆளுக்கொன்று, ஊதினால் நீர்மேல் எழுந்து நிற்கும் அடையாள மிதவை, விசில், திசைகாட்டி ஆகியவற்றில் சமரசம் செய்யாதீர்கள்.

இன்னொன்று அளவைகள். இங்கே கடைகளில் பெரும்பாலும் அமெரிக்க முறைதான். டேங்க்கின் காற்றழுத்தம் 3000 பிஎஸ்ஐ என்றால் நமக்குப் பழகிய 200 பாரைவிடச் சற்றே அதிகம். 60 அடி என்பது 18 மீட்டர். எடை, அதாவது மூழ்குவதற்காக உடலோடு கட்டும் ஈயக்கட்டிகள், எவ்வளவு வேண்டும் என்று பவுண்டில் கேட்பார்கள். ஒரு கிலோ 2.2 பவுண்டு. வாடகைக் கருவியின் முகப்பில் என்ன அளவை இருக்கிறது என்பதைக் கடையிலேயே பார்த்துப் பழகிக்கொள்ளுங்கள்.

6. வண்டி

பிக்கப் வண்டி இல்லாமல் பொனேரில் கரை முக்குளிப்பு நடக்காது. வலப்புறம் ஓட்ட வேண்டும். பல வண்டிகள் கியர் வண்டிகள் என்பதால், ஆட்டோமேட்டிக் மட்டும் ஓட்டத் தெரிந்தவர்கள் முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள். சாலையில் கழுதைகளும் ஆடுகளும் திடீரெனக் குறுக்கே வரும். வடக்குக் கரைச் சாலையின் ஒரு பகுதி ஒருவழி. ஓர் இடத்தைத் தவறவிட்டால் சுற்றித்தான் திரும்ப வேண்டும்.

நிறுத்திய வண்டியில் எதையும் வைக்கக் கூடாது. இது தீவில் அனைவரும் சொல்லும் அறிவுரை. கதவைப் பூட்டாமல், கண்ணாடியை இறக்கிவிட்டே செல்வார்கள். பூட்டியிருந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று கண்ணாடியை உடைப்பார்கள். கடவுச்சீட்டு, கைப்பேசி, பணம் எல்லாம் தங்குமிடத்திலேயே இருக்கட்டும். சாவி மின்னணு வகையா, நீரில் நனையலாமா என்று வண்டியைப் பெறும்போதே கேளுங்கள்.

7. முதல் நாள்: அறிமுக உரையும் சோதனை முக்குளிப்பும்

பூங்காவின் விதிப்படி, வேறெங்கும் இறங்குவதற்கு முன் கடையில் அறிமுக உரையைக் கேட்டு, அவர்களின் கரையில் ஒரு சோதனை முக்குளிப்பு செய்ய வேண்டும். நீண்ட பயணக் களைப்பில் இதை ஒரு சடங்காக முடித்துவிடத் தோன்றும். அப்படிச் செய்யாதீர்கள், உங்களுக்கு எவ்வளவு ஈய எடை தேவை என்று சரிபார்க்க இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது. இங்கே தரப்படும் அலுமினிய டேங்க்கில் நீங்கள் மூச்சு விடும் காற்று தீரத் தீர, டேங்க் சுமார் 2 கிலோ எடையிழந்து மேலே இழுக்கும். ஆகவே முடிவில், டேங்க்கில் 50 பார் மட்டுமே இருக்கும்போது 5 மீட்டர் ஆழத்தில் அசையாமல் நிற்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் அதுதான் உங்களுக்குரிய ஈய எடை, எழுதி வையுங்கள்.

அன்றே நோய் பற்றியும் கேளுங்கள். கற்பவளங்களின் திசுக்களை அழிக்கும் ஒரு நோய் 2023-இல் பொனேரில் கண்டறியப்பட்டது. நோயுள்ள இடத்தில் நனைந்த கருவிகளை அப்படியே நோயில்லாத இடத்துக்குக் கொண்டுசென்றால் நாமே அதைப் பரப்பியவர்களாவோம். கருவிகளைக் கிருமிநீக்கக் கரைசலில் அலசும் தொட்டி எங்கே, எந்த இடங்கள் மூடப்பட்டிருக்கின்றன என்பதைக் கடையில் சொல்வார்கள். நூறு வயதைத் தாண்டிய ஒரு பவளக்குன்று சில வாரங்களில் வெள்ளையாகிப் போவதை ஒருமுறை பார்த்தவர்கள், கருவி அலசும் பத்து நிமிடத்தைச் சுமையாக நினைக்கமாட்டார்கள்.

8. கரையிலிருந்து இறங்குவது

வண்டியை நிறுத்தியதும் கருவிகளை எடுக்காமல் ஐந்து நிமிடம் கடலைப் பாருங்கள். அலைகள் எந்த இடைவெளியில் வருகின்றன, மற்றவர்கள் எங்கே இறங்கி எங்கே ஏறுகிறார்கள், நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதெல்லாம் அந்த நேரத்தில் தெரிந்துவிடும். மிதவையில் கட்டிய படகு எந்தத் திசையில் திரும்பி நிற்கிறது என்பது நல்ல குறிப்பு. ஏறிவர முடியாது என்று தோன்றினால் இறங்காதீர்கள். அடுத்த மஞ்சள் கல் சில நிமிட ஓட்டத்தில் இருக்கிறது.

வண்டியின் பின்கதவை மேசையாக்கிக் கருவிகளை ஒன்றோடொன்று பொருத்துங்கள். ஒருவரையொருவர் சோதித்தபின், மாஸ்க்கை முகத்திலும் ரெகுலேட்டரை வாயிலும் வைத்து, பி.சி.டி.யில் (காற்றடைத்து மிதக்க உதவும் மேலங்கியில்) சிறிது காற்றுடன், கைகோத்து மெதுவாக நடந்து செல்லுங்கள். இடுப்பளவு நீர் வந்ததும் ஒருவர் தோளை மற்றவர் பிடித்துக்கொண்டு ஃபின்களை மாட்டுங்கள். கீழே இறங்குவதற்கு முன் கரையைத் திரும்பிப் பார்த்து உங்கள் வண்டியையோ ஒரு கட்டடத்தையோ அடையாளம் வைத்துத் திசைகாட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலான இடங்களில் மணலும் சிறு பவளங்களும் உள்ள மேடை முதலில் வரும். சுமார் 10 மீட்டர் ஆழத்தில் அது முடிந்து பாறை சரியத் தொடங்கும். அந்த விளிம்பில் நின்று, திரும்பி வரும்போது அடையாளம் காணக்கூடிய ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்: வடிவில் தனித்திருக்கும் பவளக்குன்று, மிதவையின் கட்டுக்கல், இரட்டைக் கடற்பஞ்சு. முதல் நாள் நாங்கள் இதைச் செய்யவில்லை. திரும்பியபோது ஏறுமிடத்தைத் தாண்டி வெகுதூரம் சென்று, மேலே வந்து நீர்ப்பரப்பில் இருபது நிமிடம் நீந்தினோம். நீரோட்டத்துக்கு எதிராகவே தொடங்குங்கள், திரும்பும்போது அது உங்களைச் சுமந்து வரும். டேங்க்கில் பாதி தீர்வதற்குச் சற்று முன்பே, இருவரில் யாருடையது முதலில் குறைகிறதோ அவரது கணக்கின்படி திரும்புங்கள். வரும் வழியை ஆழம் குறைவாக வைத்துக்கொண்டு, 5 மீட்டரில் மூன்று நிமிடம் நின்றுவிட்டுக் கரையேறலாம்.

9. சரிவும் சுவரும்

பொனேரின் பாறை பல இடங்களில் சாய்ந்த சரிவு. சில இடங்களில் மட்டுமே செங்குத்துச் சுவர். படகில் செல்ல வேண்டிய 'ஸ்மால் வால்' அவற்றுள் ஒன்று. கேமன் தீவுகளின் பிளடி பே சுவரைப் போல நீர்மட்டத்துக்கு அருகே தொடங்கி வெகு ஆழத்துக்கு இறங்கும் சுவர்களுக்குச் செல்ல எண்ணுபவர்கள், பொனேரின் சரிவில் பழகிவிட்டுச் செல்வது நல்லது.

சுவரின் ஆபத்து அதன் தெளிவுதான். முப்பது மீட்டர் தொலைவு வரை கண்ணுக்குத் தெரியும் நீரில், கீழே தெரியும் விசிறிப்பவளம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதாகவே தோன்றும். தரை என்று ஒன்று இல்லாததால் இறங்கிக்கொண்டிருப்பதே உணர்வில் படாது. 20 மீட்டரில் அழுத்தம் மூன்று மடங்கு, 30 மீட்டரில் நான்கு மடங்கு. காற்றும் அதே கணக்கில் வேகமாகத் தீரும். 30 மீட்டரை நெருங்கும்போது நைட்ரஜன் மயக்கம் தொட்டு, கவலையே இல்லாத ஓர் உணர்வைத் தரும். ஆகவே டைவ் கம்ப்யூட்டரில் ஆழ எச்சரிக்கை ஒலியை உங்கள் சான்றிதழின் எல்லைக்கு இரண்டு மீட்டர் முன்பாகவே வைத்துவிடுங்கள். சுவரைப் பக்கவாட்டில் வைத்து, ஒரு கை தொலைவு விலகி நீந்துங்கள். நீங்களும் உங்கள் துணையும் ஒரே ஆழத்தில் இருங்கள். ஒருவர் மேலும் ஒருவர் கீழுமாக இருந்தால் கீழே இருப்பவரின் சிக்கல் மேலே இருப்பவருக்குத் தெரியாது. மேலே வரும்போது நிமிடத்துக்கு 9 மீட்டரைத் தாண்டாதீர்கள்.

10. எந்த இடத்தில் தொடங்குவது

முதல் இரண்டு நாள்கள் நகரத்தை ஒட்டிய இடங்களிலும், மணற்கரை உள்ள இடங்களிலும் இறங்குங்கள். அதன்பின் 'ஆயிரம் படிகள்': உண்மையில் 67 படிகள்தான், ஆனால் டேங்க்கைச் சுமந்து ஏறும்போது பெயரின் காரணம் விளங்கும். தெற்கே 'ஏஞ்சல் சிட்டி' போன்ற இடங்களில் முதல் பாறைக்கு அப்பால் மணல்வெளியும், அதைத் தாண்டி இரண்டாவது பாறையும் உண்டு. இரண்டாவதை எட்டுவதற்கு முன் காற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். 'ஹில்மா ஹூக்கர்' என்பது 1984-இல் மூழ்கிய, 70 மீட்டருக்கு மேல் நீளமான சரக்குக் கப்பல். சுமார் 30 மீட்டர் ஆழத்தில் கிடப்பதால் 'அட்வான்ஸ்டு' சான்றிதழ் உள்ளவர்களுக்கு மட்டும். அதற்கான பயிற்சி இல்லாதவர்கள் உள்ளே நுழையவே கூடாது. உப்பு ஏற்றும் துறையான 'சால்ட் பியர்' அழகில் நிகரற்றது. கப்பல் கட்டியிருக்கும் நாள்களில் அங்கே இறங்கத் தடை. நகரக் கப்பல்துறையில் இறங்க அனுமதியும் உள்ளூர் வழிகாட்டியும் கட்டாயம். எதிரே உள்ள ஆளில்லாத் தீவான கிளைன் பொனேருக்குப் படகு எடுங்கள். கிழக்குக் கரை புதியவர்களுக்கு அல்ல.

11. கடைசி நாள்

பல நாள்கள் தொடர்ந்து முக்குளித்தவர்கள், உடலில் சேர்ந்த நைட்ரஜன் வெளியேறுவதற்காக, கடைசி முக்குளிப்புக்கும் விமானத்துக்கும் இடையே குறைந்தது 18 மணி நேரம் விட வேண்டும். 24 மணி நேரம் விடுவதே என் வழக்கம். விமானம் எப்போது என்று பார்த்து, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, கடைசியாகக் கடலில் இறங்கும் நேரத்தை முதல் நாளே எழுதி வையுங்கள். கருவிகளை அன்று காலையிலேயே நன்னீரில் அலசி நிழலில் காய வைத்தால், ஈரப் பாரத்துக்காக விமான நிறுவனத்துக்குக் கூடுதல் பணம் கட்ட வேண்டியிருக்காது. மீதமிருக்கும் உலர்ந்த நாளில் வடக்கே உள்ள வாஷிங்டன் ஸ்லாக்பாய் தேசியப் பூங்காவுக்குச் செல்லலாம். நீங்கள் கட்டிய 40 டாலரிலேயே அதன் நுழைவும் அடங்கும். பிற்பகலில் சற்று நேரத்துக்குப்பின் உள்ளே விடமாட்டார்கள் என்பதால் காலையிலேயே கிளம்புங்கள், கட்டணச் சீட்டையும் அடையாள அட்டையையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.